ஒன்றரைப் படித் தவிட்டுக்கு வந்த பெயர்

என் மகனை நான் ஒன்றரைப் படித் தவிடு கொடுத்து வாங்கினேன். தாம்பரம் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிறேன். அதற்கு முன்னால் என் அப்பா தசரதன் நடத்தினார். வாங்குவதும் விற்பதும் எனக்குப் புதிதல்ல. ஆனால் கைக்கு வந்த பொருளுக்கு என்ன பெயர் என்று பதினொரு மாதம் கழித்தும் முடிவாகாமல் நின்றது இந்த ஒரு வியாபாரத்தில்தான்.

பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் தீபலட்சுமி. அப்பா பெயர் மதியழகன். பாலினம் ஆண். குழந்தையின் பெயர் என்கிற இடத்தில் ஒரு கோடு. ஒரு வயதுக்குள் பெயரைப் பதிந்துவிட்டால் சுலபம், தாண்டினால் அலைச்சல் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம்தான் பாக்கி. தீபா ஹன்ளலா என்று பதியச் சொன்னாள். நான் வெற்றிவேல் என்றேன். எங்கள் பரம்பரையில் சாமியையும் புராணத்தையும் தமிழையும் தவிர வேறு எங்கும் பெயர் கடன் வாங்கியதில்லை. பாத்திரக்கடை மதியழகன் மகன் ஹன்ளலா என்றால் ஊர் என்ன கேட்கும்? அவன் பள்ளிக்கூடத்தில் என்ன பதில் சொல்வான்? பாஸ்போர்ட்டுக்கு வருகிற போலீஸ்காரரிடம் நான் என்ன கதை சொல்வேன்?

கதை தவிட்டில் தொடங்குகிறது. சொல்பேச்சு கேட்காத பிள்ளையை 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று எல்லா வீட்டிலும் கேலி செய்வார்கள். எங்கள் வீட்டில் அது கேலி இல்லை. தீபாவுக்கு முதல் கரு ஐந்தாம் மாதம் கலைந்தது. அடுத்தது பெண். மூன்று நாள் இருந்தாள். அதைப் பற்றி எனக்கு அதற்கு மேல் எழுத வராது. மூன்றாவதாக இவன் பிறந்து வீட்டுக்கு வந்தபோது, தீபா அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது கூட இடது கை அங்கேதான்.

இதைப் பார்த்துவிட்டுப் பொழிச்சலூரிலிருந்து என் அக்கா லோகநாயகி வந்து இறங்கினாள். அக்காவுக்கு அங்கே மூன்று வீடு வாடகையில் ஓடுகிறது. குடியிருப்பவர்களை அதட்டி அதட்டி, எமனைப் பற்றியும் வாடகைக்காரனைப் பேசுவது மாதிரி பேசுகிற பழக்கம் வந்துவிட்டது.

பிள்ளை தங்காத வீட்டில் ஒரு முறை உண்டு. பிறந்த பிள்ளையை வேறு வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், கேட்டால் யாரும் ஆசைப்படாத பெயராக. குப்பன், பிச்சை என்றெல்லாம் ஆட்கள் இருப்பது அதனால்தான். பிறகு பெற்றவர்கள் தவிடு கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எமன் வந்து விசாரித்தால் 'இது இந்த வீட்டில் பெற்றது இல்லை, வாங்கியது' என்று தெரிந்துகொண்டு போய்விடுவானாம்.

இவ்வளவு பெரிய தொழிலை நடத்துகிறவன் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கூடவா பார்க்கமாட்டான் என்று கேட்டேன்.

"உன் கடைக்கு வந்து எத்தினி பேரு ஓட்டைப் பாத்திரத்தை நல்லதுன்னு வாங்கிகினு போயிருக்கான்? அந்த மாதிரிதான்டா" என்றாள் அக்கா.

தீபா என்னைப் பார்க்கவே இல்லை. "அண்ணி சொல்றபடி செஞ்சிடலாங்க" என்றாள். அத்தோடு முடிந்தது.

யாரிடம் கொடுப்பது என்பதையும் அக்காவே முடிவு செய்தாள். என் கடைக்கு எதிர்க்கடை மீரான் பாய், பெட்டியும் பையும் விற்கிறவர். ஐந்து பிள்ளை பெற்று ஐந்தும் நன்றாக இருக்கிற வீடு. அந்த ராசி போதும் என்றாள். நேராகப் போய்ப் பேசினாள். பாய் மறுக்கவில்லை. பெயர் தேட மூன்று நாள் அவகாசம் மட்டும் கேட்டார். மூன்று நாள் எதற்கு, குப்பை என்று வைத்தால் போதாதா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் எந்தச் சரக்கையும் அவசரத்தில் எடுக்கமாட்டார்.

பதினாறாம் நாள் காலை, பாய் வீட்டுக் கூடத்தில் கூடினோம். புது முறத்தில் பிள்ளையைப் படுக்கவைத்து தீபா கொடுத்தாள். பாயின் மனைவி ஜொகரா வாங்கிக்கொண்டு, பேரீச்சம்பழத்தை மென்று அந்த ஈரத்தை அவன் நாக்கில் தொட்டு வைத்தார். பாய் அவன் காதருகே குனிந்து "ஹன்ளலா" என்று மூன்று முறை சொன்னார். அங்கே இருந்த எங்களில் யாருக்கும் அது என்ன என்று தெரியவில்லை. அக்கா மட்டும், கேட்டதற்குச் சரக்கு வந்துவிட்டது என்பதுபோலத் தலையாட்டினாள்.

அடுத்தது என் பங்கு. செம்பாக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் வாங்கிய தவிட்டு மூட்டை ஒரு மூலையில் இருந்தது. என் கடையிலிருந்தே ஒரு புதுப் பித்தளைப் படி. வசனம் அக்கா சொல்லிக்கொடுத்தது. நான் "பிள்ளை என்ன விலை?" என்று கேட்க வேண்டும். அவர் "ஒரு படித் தவிடு" என்று சொல்ல வேண்டும். நான் அளந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

நான் கேட்டேன். பாய் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது வருஷ வியாபாரி. விலை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகமே மாறியது.

"மூணு படி" என்றார்.

"ஒண்ணுதான் பாய். அதுக்கு மேல கட்டாது."

"ஆம்பளப் புள்ள, மூணே கால் கிலோ கீறான். ரெண்டரை குடு."

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் விலை படியாவிட்டால் திரும்பி நடந்துவிட வேண்டும். முதுகுதான் பேசும். மூன்றாவது அடி வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு பாரிமுனைக்குச் சரக்கு எடுக்கப் போன நாளிலிருந்து என் காலுக்கு அது பழக்கம். மூளையைக் கேட்காமலே கால் திரும்பிவிட்டது. வாசலை நோக்கி இரண்டு அடி நடந்துவிட்டேன்.

"சரி வாப்பா, ஒண்ணரை" என்று பின்னாலிருந்து பாய் கூப்பிட்டார். படிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினேன். பாயும் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவர் மட்டும்தான் சிரித்தோம்.

ஒன்றரைப் படி அளந்து கொடுத்துப் பிள்ளையை வாங்கி தீபா கையில் கொடுத்தேன். வீடு வந்ததும் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"புள்ளைய வுட்டுட்டு முதுகைக் காட்டிட்டியேடா. வாணாம்னு போனவன் நீ. இது இன்னா வாங்கினதா? அது பாய் வூட்டுப் புள்ளதான். பாய் வெச்ச பேருதான் அதுக்கு. மாத்தின, எமனுக்குத் தெரிஞ்சிடும்."

இன்னொரு தடவை முறையாகச் செய்துவிடலாமே என்றேன். ஒரே பிள்ளையை இரண்டு தரம் விற்றால் எமனுக்குச் சந்தேகம் வராதா என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அவன் முட்டாளா புத்திசாலியா என்பதை இந்த ஒரு வாரத்தில் அவளே நாலு தடவை மாற்றிச் சொல்லிவிட்டாள். எது எந்த நேரத்துக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை.

தீபாவுக்குப் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் செல்லம், தங்கம், கண்ணு என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஹன்ளலாதான். முதல் வாரம் தடுமாறினாள். இரண்டாம் வாரம் தாலாட்டிலேயே அந்தப் பெயர் வழுக்கிக்கொண்டு வந்தது. மூக்கருகே விரல் வைப்பது நிற்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் நடுக்கம் இல்லை. அதைக் கவனித்தபிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவனாகும்போது மாற்றிக்கொள்ளலாம், சான்றிதழ்தானே முக்கியம் என்று இருந்துவிட்டேன்.

அவனுக்கு ஏழு மாதமானதும் தீபா மறுபடி வேலைக்குப் போனாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிற வேலை, பத்திலிருந்து இரண்டு வரை. அந்த நாலு மணி நேரம் பிள்ளை என் கடையில். இருபது படி அண்டாவுக்குள் பழைய போர்வையை விரித்து உட்காரவைத்தால் கரண்டியால் தட்டிக்கொண்டு சமர்த்தாக இருப்பான். அங்கே வைத்துத்தான் நான் அந்தத் திருட்டு வேலையைத் தொடங்கினேன். கடையில் அவனை வெற்றிவேல் என்று கூப்பிட்டேன். கூப்பிட்டு, திரும்பிப் பார்த்தால் ஒரு பிஸ்கட். மொத்த விலை ஒன்று, சில்லறை விலை ஒன்று என்று எல்லாக் கடையிலும் உண்டு. வீட்டில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டேன். சான்றிதழ் வாங்கும் நாளில் அவனுக்கே வெற்றிவேல் பழகியிருக்கும், தீபா என்ன செய்துவிட முடியும் என்பது என் கணக்கு.

கடைசி மூன்று வாரம் நெருங்கியபோது, எதிராளியின் சரக்கில் என்ன குறை இருக்கிறது என்று பார்த்துவைப்போம் என்று அந்தப் பெயரின் பொருளைத் தேடினேன். ஃபோனில் ஒரு தளம் தூய்மை என்றது. இன்னொன்று நீர் நிறைந்த குளம் என்றது. மூன்றாவது, ஒரு வகை மரம், அதிர்ஷ்ட எண் எட்டு, பச்சை உடுத்தினால் நல்லது என்றது. ஒன்று மிக அபூர்வமான பெயர் என்றும், அடுத்தது மிகப் பிரபலமான பெயர் என்றும் சத்தியம் செய்தன. அபூர்வம் என்கிற சொல்லை நான் நம்புவதில்லை. என் கடையிலும் ஒரு செம்பு அபூர்வமானது. ஒன்பது வருஷமாக யாரும் வாங்கவில்லை.

கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவர் என் கடையில் டீ கெட்டில் வாங்குகிறவர். உட்காரச் சொன்னார். ஹன்ளல் என்பது பாலைவனத்தில் கொடியோடுகிற ஒரு காய், நம் பக்கத்துப் பேய்க்குமட்டிக்காய்தான் அது, நாக்கில் வைக்க முடியாத கசப்பு என்றார்.

"பிள்ளைக்கா அந்தப் பேரு?" என்று கேட்டுவிட்டேன்.

பழைய காலத்து அரபிகள் பையன்களுக்குப் பாறை, கசப்பு, ஓநாய் என்று முரட்டுப் பெயர்களாக வைப்பார்கள், எதிரி கேட்டதும் தயங்க வேண்டும் என்பதற்காக, என்று அவர் நிதானமாக விளக்கினார். பிறகு அந்தப் பெயர் கொண்ட ஒரு நபித்தோழரின் வரலாற்றைச் சொன்னார். ஹன்ளலாவுக்குக் கல்யாணம் நடந்த மறுநாளே உஹுத் என்ற இடத்தில் போர். அழைப்பு வந்ததும் புதுப்பெண்ணை விட்டுவிட்டுக் குளிக்கக்கூட நிற்காமல் ஓடினார். அன்றே கொல்லப்பட்டார். அவரை மலக்குகளே, அதாவது வானத்துத் தேவதூதர்களே, குளிப்பாட்டியதாக நபி சொன்னார்கள். அந்த ஒரு நாள் வாழ்க்கையில் கருவுற்ற அவர் மனைவிக்கு, பின்னால் ஒரு மகனும் பிறந்தான். சொல்லி முடிக்கும்போது ஹஜ்ரத்தின் கண் கலங்கியிருந்தது. என் கண்ணில் வேறு வெளிச்சம். எமனிடமிருந்து ஒளித்துவைக்க வைத்த பெயர், வாலிபத்தில் செத்தவர் பெயர். இதைவிடப் பெரிய குறை எந்தச் சரக்கில் இருக்கும்?

நேராக மீரான் பாயிடம் போனேன். அவர் ஒரு சூட்கேஸின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் வெச்சீங்களா பாய்?"

"உங்க அக்கா வந்து என்ன கேட்டாங்க தெரியுமா மதி? குப்பை, நாய், பீங்கற மாதிரி ஒண்ணு வைங்க பாய்னாங்க. எங்கள்ல கெட்ட பேரு வைக்கக்கூடாதுப்பா. அப்படிப் பேரு இருந்தவங்களுக்கு நபியே மாத்தி வெச்சிருக்காங்க. அந்தம்மாவுக்குக் கசப்பு வேணும். எனக்கு மரியாதை வேணும். மூணு நாள் தேடி ரெண்டும் படியற மாதிரி ஒண்ணு எடுத்தேன்."

வியாபாரியாக நான் அவரை மனதுக்குள் கும்பிட்டேன். அவ்வளவு கச்சிதமான பேரம். பிறகு, தீபா அதையே சான்றிதழில் ஏற்றப் போகிறாள் என்ற விஷயத்தைச் சொன்னேன். ஜிப் பாதியில் நின்றது.

அதெல்லாம் வேண்டாம் என்றார். அது அந்த ஒரு நாளைக்கு, உங்கள் முறைக்காகச் சொன்ன பெயர். அவரும் இத்தனை மாதமாகக் கடை வாசலில் அவனைக் குட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"நாளைக்கு நாலு பேரு வந்து, பாய் அந்தப் புள்ளைய மதம் மாத்திட்டாருன்னு என் வாசல்ல நின்னா, நான் பெட்டி விக்கிறதா, பதில் சொல்றதா? தீபா தங்கச்சிகிட்ட சொல்லு. வெச்சவனே வாபஸ் வாங்கிட்டான்னு சொல்லு."

பெயர் வைத்தவரே வேண்டாம் என்கிறார். பெயருக்குரியவர் இளம் வயதில் போய்விட்டார். பொருளோ பேய்க்குமட்டி. மூன்று அஸ்திரத்தோடு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். தீபா கட்டில் மேல் பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் மடித்ததைக் கலைத்துக்கொண்டிருந்தான். பாய் சொன்னதை முதலில் சொன்னேன். பாய் நல்லவர், பயப்படுகிறார் என்றாள். காயைச் சொன்னேன். கசப்புதானே கேட்டோம் என்றாள். அதனால் மூன்றாவதையும் எடுத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன், கல்யாணமான மறுநாளே அவர் போய்விட்டாராம் என்று.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"ஜொகராக்கா அன்னிக்கே சொன்னாங்க."

"தெரிஞ்சுமா அதைச் சொல்லிக் கூப்பிடறே?"

ஒரு சின்னச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"கல்யாணம் வரைக்கும் இருந்தாரில்ல? இருபது வருஷத்துக்கு மேல ஒரு அம்மா அவரைக் கூப்பிட்டிருப்பாங்க. இன்னிக்கு வரைக்கும் பேரு இருக்கு. நம்ம பொண்ணு மூணு நாள் இருந்தா. நல்ல நாள் பாத்து வைக்கலாம்னு நாம அவளுக்குப் பேரே வைக்கல. இப்ப அவளை நினைச்சுக்கணும்னாகூட எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல எனக்கு."

கலைந்து கிடந்த துணியில் ஒன்றை எடுத்து நானும் மடித்தேன். பிள்ளை ஒரு ஜட்டியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஆனாலும் நான் மாறவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். துணி மடித்துக் கொடுத்தால் சம்மதம் என்றாகிவிடுமா? மறுநாள் தீபா எதிரில் உட்கார்ந்து ஹன்ளலா என்று ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். கடைக்குப் போய் வெற்றிவேல் என்று இன்னொன்றைப் பூர்த்தி செய்தேன். இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மாநகராட்சி அலுவலகத்துக்கு நான் மட்டும் போவேன், வெற்றிவேலைக் கொடுப்பேன், சான்றிதழ் வந்தபிறகு கம்ப்யூட்டர் மேல் பழி போடுவேன். அது எதிர்த்துப் பேசாது.

புதன்கிழமை கிளம்பும்போது தீபாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டாளாம். பெயர் பதிகிற அன்றைக்குப் பெயருக்குரியவன் வர வேண்டாமா என்றாள். வண்டியைக் கிளப்பினேன்.

அலுவலகத்தில் ஒரு நீள பெஞ்சு. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஐம்பதை நெருங்குகிறவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் தபீதாள் என்றிருந்தது. எங்கள் முறை வந்தபோது தீபா பெஞ்சில் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டென்று எழுந்து போய் வெற்றிவேலை நீட்டினேன்.

எல்லா அலுவலகத்திலும் விண்ணப்பத்தைப் பார்க்காமல் முத்திரை குத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாள் தொழில் சுத்தம். தட்டச்சு செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம்.

"அப்பா மதியழகன். அம்மா தீபலட்சுமி. குழந்தை பேரு வெற்றிவேல்."

பெஞ்சிலிருந்து தீபா எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவள் இடுப்பில் இருந்தவன் அந்தப் பெயரைக் கேட்டுச் சட்டென்று திரும்பினான். திரும்பி என்னைப் பார்த்து, பிஸ்கட்டுக்காக இரண்டு கையையும் நீட்டினான்.

தீபா என்னையும் பார்க்கவில்லை, விண்ணப்பத்தையும் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். "வெற்றிவேல்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் பக்கம் திரும்பினான். "ஹன்ளலா" என்றாள். அதற்கும் சிரித்தான்.

"எத்தனை மாசமா?" என்று என்னைக் கேட்டாள்.

"நாலு."

"தினமுமா?"

"கடை திறக்கிற நாளெல்லாம்."

"சத்தமாவா கூப்பிட்டீங்க?"

"பாத்திரக்கடையில மெதுவா கூப்பிட்டா கேக்காது தீபா."

அவள் விரல் வழக்கம்போல அவன் மூக்கை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். சண்டை என்றால் வெளியே முடித்துக்கொண்டு வாருங்கள், ஏற்றிவிட்டால் மாற்றுவது பெரிய வேலை என்றார் தபீதாள் அம்மாள். கோபமில்லை, யோசனையாகத்தான் சொன்னார்.

"நாலு மாசமா உடம்புக்கு ஒண்ணும் வரல" என்றாள் தீபா, தனக்குத்தானே.

"ஒரு தடவை வயித்தால போச்சே."

"அது நான் குடுத்த வாழைப்பழம்."

மறுபடி அவனைப் பார்த்தாள். "அப்போ அவனுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. தெரிஞ்சும் விட்டிருக்கான்."

எமனைத்தான் சொல்கிறாள் என்று கேட்காமலே புரிந்தது. அவள் முகம் தளர்ந்து, பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அவளுடைய உண்மையான வயதைக் காட்டியது. பயம் போய்விட்டது, இனி வெற்றிவேலுக்குத் தடையில்லை, வழியோடு வந்த லாபம் என்று பேனாவை எடுத்தேன்.

"அந்த இன்னொரு பாரத்தைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு? இன்னும் பயமா?"

"பயத்துக்கில்லங்க. இப்ப எந்தப் பேரு வெச்சாலும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சே. ஆனா நான் இந்தப் பேரைச் சொல்லித்தான் பால் குடுத்தேன். வேற பேரு சொன்னா யார் வீட்டுப் பிள்ளையையோ கூப்பிடற மாதிரி இருக்கு."

"மீரான் பாய் பயப்படறாரே."

"யாராவது கேட்டா பாய் வெச்சதில்ல, அம்மா வெச்சதுன்னு சொல்லுங்க. இப்ப நான்தானே வெக்கிறேன்."

பயத்தால் வைத்தபோது அதை எதிர்க்க என்னிடம் மூன்று காரணம் இருந்தது. பயமில்லாமல் வைக்கும்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஊர், பள்ளிக்கூடம், போலீஸ்காரர் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். ஆனால் பள்ளிவாசலில் கேட்ட கதையும் கட்டிலில் மடித்த சட்டையும் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றன. சட்டைப்பையிலிருந்து இரண்டாவது விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். தீபா அதை வாங்கி, முதலாவதைத் தபீதாள் அம்மாள் கையிலிருந்து மரியாதையாக உருவி, மாற்றி வைத்தாள்.

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். என் நெற்றி விபூதியைப் பார்த்தார். தீபாவின் பொட்டைப் பார்த்தார். மதம் எதுவும் கேட்கவில்லை.

"என் பேரையே எல்லாரும் ரெண்டு தடவை கேப்பாங்க சார். இதை நாலு தடவை கேப்பாங்க. பதினாறு வருஷத்துல இந்தப் பேரை இப்பதான் முதல்ல அடிக்கிறேன். என்ன அர்த்தம்?"

"மலக்குகள் குளிப்பாட்டினவர்" என்று தீபா சொல்ல, அதே நேரத்தில் "பேய்க்குமட்டிக்காய்" என்று நானும் சொல்லிவிட்டேன்.

தபீதாள் அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அர்த்தத்துக்குப் பாரத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு அடித்தார். பிரிண்டர் கொஞ்சம் முனகி, ஒரு தாளை வெளியே தள்ளியது. கோடு இருந்த இடத்தில் என் மகன் பெயர் இருந்தது. மதியழகன் என்பதற்கு மேலே ஹன்ளலா. இரண்டும் ஒரே வீட்டில் எப்படிக் குடியிருக்கப் போகின்றன என்று எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஜெயித்தேனா தோற்றேனா என்றும் தெரியவில்லை. விலை படிந்த மாதிரியும் இருந்தது, படியாத மாதிரியும் இருந்தது.

வெளியே படிக்கட்டில் தீபா முன்னால் இறங்கிப் போனாள். அவள் தோளுக்கு மேல் அவன் முகம் தெரிந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. வெற்றி என்று ஆரம்பித்தேன், பாதியில் விட்டேன். ஹன் என்று ஆரம்பித்தேன், நாக்கு புரளவில்லை.

"டேய்" என்றேன்.

அதற்கும் திரும்பினான்.